வெளிச்சம் போறதுக்குள்ளே

போட்டோக்காரர்: ...மேடம்னா கூப்பிடணும்? உன்னையா?

அம்மா: ஆமா. வாய் தவறி என் பேரைச் சொல்லிடாதீங்க. நீ, வா, போ எதுவும் வேணாம். பிள்ளைங்க வந்து இறங்கினதுல இருந்து நான் மேடம், நீங்க போட்டோக்காரர்.

போட்டோக்காரர்: எங்கே, ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன். மேடம்... கொஞ்சம் இப்படித் திரும்புங்க மேடம்...

அம்மா: சிரிக்காம சொல்லுங்க.

போட்டோக்காரர்: முடியல. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கறப்போ உன் கையைப் பிடிச்சுக்கிட்டு கத்தினவன் நான். இப்போ மேடமாம்.

அம்மா: பிடிச்சீங்களா, நசுக்கினீங்க. பல் டாக்டர்கிட்ட இத்தனை வருஷமா வேலை பாக்கறேன். வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்து உக்கார வைக்கறதோட என் வேலை முடிஞ்சுது. அன்னைக்கு நர்ஸ் லீவுன்னு உள்ளே வந்து நின்னேன், விரல் வீங்கிப் போச்சு.

போட்டோக்காரர்: வாயைத் திறங்கன்னு சொல்றது உங்க தொழில். சிரிங்கன்னு சொல்றது என் தொழில். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகும்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்.

அம்மா: வாய் மரத்துப் போய் கிடந்தப்போ தெரிஞ்சுதாக்கும்.

போட்டோக்காரர்: சரி, பேச்சை மாத்தாதே. எப்போ சொல்லப் போற?

அம்மா: சொல்றேன்.

போட்டோக்காரர்: எப்போன்னு கேட்டேன். அந்தக் குன்றைப் பாரு. பேப்பர்ல போட்டிருக்கிற அஸ்தமன நேரம் நமக்குச் செல்லாது. ஏரிக்கு அந்தப் பக்கம் குன்று குறுக்கே நிக்குது. சூரியன் அதுக்குப் பின்னாடி இறங்கிட்டா அப்புறம் முகத்துல வெளிச்சமே நிக்காது, எல்லாரும் சாம்பல் பூசின மாதிரி இருப்பீங்க.

அம்மா: அதுக்குள்ள சொல்லிடுவேன்.

போட்டோக்காரர்: போன தடவையும் இதைத்தான் சொன்னே. பையன் பிறந்தநாளுக்கு வாங்க, எல்லாரும் இருப்பாங்க, அறிமுகப்படுத்தறேன்னு கூப்பிட்டே. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு வந்தேன். வாசல்ல உன் பொண்ணு நிக்கறதைப் பாத்ததும், "ஏசி பாக்க வந்திருக்கார்"ன்னுட்டே.

அம்மா: வாய்ல வந்துடுச்சுங்க.

போட்டோக்காரர்: உனக்கு வாய்ல வந்துடுச்சு, எனக்குத் தலைல விழுந்துடுச்சு. நாற்காலி போட்டு ஏறி மூடியைக் கழட்டி, பெரிய மெக்கானிக்காட்டம் உள்ளே எட்டிப் பாத்துத் தலையை ஆட்டினேன். கழட்டத் தெரிஞ்சுது, மாட்டத் தெரியல.

அம்மா: மறுநாள் நிஜ ஆள் வந்து மாட்டினான். எந்த மடையன் கழட்டினதுன்னு கேட்டான்.

போட்டோக்காரர்: என்ன சொன்னே?

அம்மா: எனக்குத் தெரிஞ்சவர்தான்னு சொன்னேன்.

போட்டோக்காரர்: பாரு, ஏசிக்காரன்கிட்ட சொல்லத் தெரியுது.

அம்மா: அவன் என்னை அம்மான்னு கூப்பிடலையே. பிள்ளைங்க முகத்தைப் பாத்தா நாக்கு அண்ணத்துல போய் ஒட்டிக்குது. அவங்க அப்பா போனப்போ என்னை விட என் பொண்ணுதான் நொறுங்கிப் போனா. ராத்திரி எழுந்து வந்து, மூச்சு விடறேனான்னு என்னைத் தொட்டுப் பாத்துட்டுப் போவா. அவகிட்ட போய்... இந்த வயசுல எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்வேன்?

போட்டோக்காரர்: புரியுது. ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

அம்மா: சொல்லுங்க.

போட்டோக்காரர்: நீ சொல்லிட்டேன்னா, கேமராவை ஸ்டாண்டுல மாட்டி டைமர் வெச்சுட்டு, ஓடி வந்து உன் பக்கத்துல நிக்கறேன். சொல்லலைன்னா, எடுக்கிற போட்டோவை எடுத்துக் குடுத்துட்டு போட்டோக்காரனாவே போயிடறேன். சண்டை இல்ல, கோவம் இல்ல. ஆனா அதுக்கப்புறம் ஏசிக்காரனா, குழாய் ரிப்பேர்காரனா உன் வாசப்படி ஏற மாட்டேன். இந்த வயசுல ஒளிஞ்சு விளையாட எனக்கு வெக்கமா இருக்கு.

அம்மா: வர மாட்டீங்கன்னா... ஒரேடியாவா?

போட்டோக்காரர்: ஒரேடியாத்தான். அட, அழாதே. கண் மை கலைஞ்சுடும்.

அம்மா: யார் அழுதா? வெயில் கண்ல குத்துது.

போட்டோக்காரர்: வெயில் உன் முதுகுப் பக்கம் அடிக்குது.

அம்மா: கார் சத்தம் கேக்குது. அவங்கதான். தள்ளி நில்லுங்க... இன்னும் தள்ளி. கேமராவைக் கையில எடுங்க. மேடம் ஞாபகம் இருக்கட்டும்.

மகள்: அம்மா... எங்க அம்மாவைப் பாத்தீங்களா? இங்கேதான் நிக்கறேன்னு சொன்னாங்க. யாரோ சினிமா நடிகை மாதிரி ஒருத்தங்க நிக்கறாங்க.

அம்மா: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா? மத்தவங்க எங்கே?

மகள்: தம்பி வண்டியை நிழல்லதான் விடுவேன்னு மரம் மரமாத் தேடறான். உன் மாப்பிள்ளை மேனேஜர் பின்னாடி ஓடிட்டிருக்கார்.

போட்டோக்காரர்: மேனேஜர்னா...

மகள்: எங்க நாய் சார். வீட்ல ஒரு துரும்பைக் கூட நகத்தாது, ஆனா எல்லாரையும் அதட்டும். அதான் அந்தப் பேர். கடிக்காது, ஆனா புது ஆளைப் பாத்தா ஊரைக் கூட்டிடும். பயப்படாதீங்க.

போட்டோக்காரர்: பயமெல்லாம் இல்லம்மா.

மகள்: அதோ வருது. மேனேஜர், குரைக்காதே... டேய்... அம்மா, என்னம்மா இது? இவர் காலடில உருண்டு வயித்தைக் காட்டுது?

அம்மா: அது... போட்டோக்காரங்க பையில பிஸ்கட் வெச்சிருப்பாங்க. நாய் இருக்கிற வீட்டுக்கெல்லாம் போய் எடுக்கறவராச்சே.

போட்டோக்காரர்: ஆமா மேடம். பிஸ்கட் எப்பவும் வெச்சிருப்பேன்.

மகள்: ஒண்ணு குடுங்க சார், நானே அதுக்குப் போடறேன்.

போட்டோக்காரர்: ...தீந்து போச்சும்மா.

மகள்: பாவம், வாசனையை நம்பி வந்திருக்கு. சார், உங்களை எங்கேயோ பாத்த மாதிரியே இருக்கு.

அம்மா: கடைத்தெருவுலதானே ஸ்டூடியோ. போறப்போ வர்றப்போ பாத்திருப்பே.

மகள்: கடைத்தெரு இல்லம்மா. நாற்காலி மேல நின்ன மாதிரி ஒரு ஞாபகம்.

போட்டோக்காரர்: போட்டோக்காரன் ஏறாத நாற்காலி உண்டா? கல்யாண வீட்ல கூட்டம் தலையை மறைக்கும், மேல ஏறித்தான் எடுப்போம்.

மகள்: அப்படியா? எங்க வீட்டுக்கு ஒரு ஏசிக்காரர் வந்தார். அச்சு அசல் உங்க ஜாடை.

போட்டோக்காரர்: உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்க.

மகள்: மிச்சம் ஆறு பேருக்காவது ஏசி மாட்டத் தெரியட்டும்.

அம்மா: வெளிச்சம் போயிடும்டி. அவரை வேலை செய்ய விடு.

மகள்: நான் எங்கேம்மா தடுத்தேன்? நீ சொன்னபடிதான் வந்திருக்கோம், பாரு. வெள்ளை வேணாம், கட்டம் போட்டது வேணாம், எழுத்து போட்ட பனியன் கூடவே கூடாது. என் கல்யாணத்துக்குக் கூட நீ இவ்வளவு சட்டம் போடல.

அம்மா: அதெல்லாம் இவர் சொன்னது.

மகள்: எப்போ சொன்னார்?

அம்மா: போன்ல.

மகள்: தினமும் ராத்திரி சாப்பிட்டதும் மாடிக்குப் போய் பேசுவியே, அந்த போன்லயா?

அம்மா: அது டாக்டர் பேசறது. மறுநாள் யார் யார் வர்றாங்கன்னு கேப்பார்.

மகள்: அந்த டாக்டருக்குப் பல் மேல எவ்வளவு அக்கறை பாரு. ரெண்டு மணி நேரம் பேசறார்.

போட்டோக்காரர்: மேடம், நிக்கலாமா? எல்லாரும் புல்லுக்கு வந்துடுங்க. சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க, அப்போதான் தலைமுடி ஓரமெல்லாம் தங்கமா மின்னும். அம்மா நடுவுல. பொண்ணு அம்மாவுக்கு இடப் பக்கம். தம்பி, நீங்க வலப் பக்கம், தோளைக் கொஞ்சம் இப்படி... ம், அவ்வளவுதான். மாப்பிள்ளை, உங்க தாடையை இப்படித் தூக்கி விடறேன்.

மகள்: மாப்பிள்ளையா? நீங்க எதுக்கு சார் இவரை மாப்பிள்ளைங்கறீங்க?

போட்டோக்காரர்: கல்யாண வீட்டுப் பழக்கம்மா. மாலை போட்டவரும் மாப்பிள்ளைதான், மைக் செட்காரரும் மாப்பிள்ளைதான்.

மகள்: இவர் பாருங்க, நிஜ மாமனார் கூப்பிட்ட மாதிரி முதுகை நிமித்திட்டார்.

அம்மா: சும்மா இருடி.

போட்டோக்காரர்: எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. நான் மூணுன்னதும் திறங்க. அப்போதான் யாரும் சிமிட்ட மாட்டீங்க. ஒண்ணு... ரெண்டு...

அம்மா: இருங்க, இருங்க. என் முடி பறக்குது.

போட்டோக்காரர்: சரி மேடம். ஒண்ணு... ரெண்டு...

அம்மா: தண்ணி குடிச்சுக்கறேன், தொண்டை காயுது.

மகள்: பேசறதுக்கா கூப்பிட்டிருக்காங்க உன்னை? போட்டோவுக்குத் தொண்டை எதுக்கு?

போட்டோக்காரர்: குடிக்கட்டும்மா. ...ஆச்சா? ஒண்ணு... ரெண்டு...

அம்மா: பின்னாடி ஒரு வாத்து வருது. அது போயிடட்டும்.

போட்டோக்காரர்: வாத்து வந்தா அழகா இருக்கும் மேடம்.

அம்மா: குடும்பப் போட்டோல வாத்து எதுக்கு?

மகள்: அம்மா, நீ யாரையாவது எதிர்பாக்கறியா? வந்ததுல இருந்து வாத்து, தண்ணி, முடின்னு தள்ளிக்கிட்டே இருக்கே. இன்னும் யாராவது வரணுமா?

அம்மா: யார் வரணும்? எல்லாரும் இங்கேதானே இருக்கோம்.

மகள்: சரி. அப்போ எடுங்க சார்.

போட்டோக்காரர்: ஒண்ணு... ரெண்டு... மூணு. நல்லா வந்துருக்கு. இன்னொண்ணு எடுக்கறேன், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. தம்பி, அம்மாகிட்ட வாங்க... ம், அப்படி. ஒண்ணு... ஏன் மறுபடி தள்ளிப் போயிட்டீங்க? வாங்க, நான் வந்து நிறுத்தறேன். இங்கே. அசையக் கூடாது. ஒண்ணு... ரெண்டு... பாருங்க, கண்ணை மூடிக்கிட்டே விலகறீங்க. அம்மாவுக்கு வலப் பக்கம் ஒரு ஆள் நிக்கிற அளவு காலியாவே இருக்கு. பல் விழுந்த வாய் மாதிரி தெரியுது. என்ன, மேடம் கிள்ளி வைக்கறாங்களா?

மகள்: ...சார், அது அப்பா இடம்.

போட்டோக்காரர்: என்னம்மா?

மகள்: அப்பா எப்பவும் அம்மாவுக்கு வலப் பக்கம்தான் நிப்பார். அவருக்கு வலது காது கேக்காது. அம்மா முணுமுணுக்கறது ஒண்ணு விடாம கேக்கணும்னு இடது காதை அம்மா பக்கம் வெச்சுக்கிட்டு நிப்பார். அவர் போனதுக்கப்புறம் நாங்க யாரும் இதைப் பத்திப் பேசி வெச்சுக்கல. கேமராவைக் கண்டா தன்னாலயே தள்ளி நின்னுடறோம். என் கல்யாண போட்டோல கூட அந்த இடம் அப்படியேதான் இருக்கு. எடுத்தவர் திட்டித் தீத்துட்டார்.

போட்டோக்காரர்: எனக்குத் தெரியாதும்மா. பல் அது இதுன்னு... தப்பாப் பேசிட்டேன்.

மகள்: பரவால்ல சார். தெரியாமதானே சொன்னீங்க.

போட்டோக்காரர்: எப்படி நின்னீங்களோ அப்படியே நில்லுங்க. இனிமே நெருங்கச் சொல்ல மாட்டேன். அந்த இடம் இருக்கட்டும்.

மகள்: ஐயோ, மேனேஜர் தண்ணிக்குள்ள இறங்குது. ஏங்க, பிடிங்க அதை... விடுங்க, நீங்க வழுக்கி விழுந்துடுவீங்க. நானே வரேன். அம்மா, இரு, வந்துடறேன்.

அம்மா: ...ஏன் லென்ஸைக் கழட்டறீங்க?

போட்டோக்காரர்: உன் பொண்ணு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நீ சொல்ல வேணாம்.

அம்மா: என்னது?

போட்டோக்காரர்: இந்த இடத்தைப் பத்தி நீ என்கிட்ட சொன்னதே இல்லையே.

அம்மா: எனக்கே தெரியாதுங்க. சத்தியமா. போட்டோவுக்கு நின்னா இந்தத் தோள்ல மட்டும் காத்து படும், அது தெரியும். ஏன்னு நான் யோசிச்சதே இல்ல.

போட்டோக்காரர்: அந்தப் பொண்ணு சொன்னப்போ அவ முகத்தைப் பாத்தேன். ஆயிரக்கணக்குல முகம் பாத்தவன் நான். அங்கே வந்து நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா அவளுக்கு எப்படி இருக்கும்? எடுத்தவரைக்கும் நல்ல படம் கிடைச்சிருக்கு. பெட்டியைக் கட்டிடறேன்.

அம்மா: அப்போ நீங்க சொன்னபடியே போயிடுவீங்க.

போட்டோக்காரர்: உன்னை வேணாம்னு போகல.

அம்மா: எப்படிப் போனா என்னங்க? எனக்குப் போனது போனதுதானே. ஒருத்தர் சொல்லாம போனார். நீங்க சொல்லிட்டுப் போறீங்க.

போட்டோக்காரர்: அப்படிப் பேசாதே.

அம்மா: வேற எப்படிப் பேசறது?

போட்டோக்காரர்: ...வர்றா. மேடம், உங்க தண்ணி பாட்டில் இங்கேயே இருக்கு.

மகள்: நனைஞ்சுட்டான் மேனேஜர். உன் மாப்பிள்ளை பேன்ட் முழங்கால் வரைக்கும் சேறு. நல்லவேளை, போட்டோல காலை வெட்டிடலாம். என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?

அம்மா: ஒண்ணுமில்ல. ...உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மகள்: சொல்லு.

அம்மா: அது வந்து...

மகள்: ம்.

அம்மா: ...இந்த நிறம் எனக்கு எடுப்பா இருக்கா?

மகள்: இதைக் கேக்கவா இப்படிக் கையைப் பிசையறே? நல்லாருக்கும்மா. அம்சமா இருக்கு. வேற ஏதாவது இருந்தா அதையும் சொல்லிடு.

அம்மா: வேற என்ன...

மகள்: அங்கே பாரு. சூரியன் குன்று மேல உக்காந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான். நிஜமா வேற ஒண்ணுமில்லையா?

அம்மா: ஒண்ணுமில்ல.

மகள்: சரி, உன் இஷ்டம்.

போட்டோக்காரர்: அவ்வளவுதான் மேடம். படம் நல்லா வந்திருக்கு. ரெண்டு நாள்ல அனுப்பி வைக்கறேன். நான் கிளம்பட்டுமா?

மகள்: இருங்க சார், ஒரு சந்தேகம். அந்த ஸ்டாண்டு எதுக்கு?

போட்டோக்காரர்: எந்த ஸ்டாண்டு?

மகள்: நாங்க வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி வெச்சிருக்கீங்களே, அதான். எல்லாப் படத்தையும் கையில பிடிச்சுதான் எடுத்தீங்க. அது சும்மாவே நிக்குது.

போட்டோக்காரர்: பழக்கம்மா. கூடவே எடுத்துட்டு வந்துடுவேன்.

மகள்: அப்படியா? இன்னொண்ணு. தம்பியைத் தோளைப் பிடிச்சுத் திருப்பினீங்க. இவருக்குத் தாடையைத் தொட்டு நிமித்தினீங்க. என் தலையைக் கூட ரெண்டு விரலால சாய்ச்சு விட்டீங்க. எங்க அம்மாவை மட்டும் பத்தடி தள்ளி நின்னு வாயாலயே திருப்பினீங்க. அவங்களைத் தொட்டா ஷாக் அடிக்குமா?

போட்டோக்காரர்: வயசுல பெரியவங்க... மரியாதைன்னு...

மகள்: உங்களை விட ஒண்ணும் பெரியவங்க இல்லையே. அம்மா, நீயாவது சொல்லேன். ஏன் உன்னைத் தொடல?

அம்மா: போதும்டி. அவரை விடு. நான் சொல்றேன்.

போட்டோக்காரர்: வேணாம். நான்தான் போறேன்னு சொல்லிட்டேனே.

அம்மா: நீங்க பேசாதீங்க. இது என் பிள்ளைகிட்ட நான் சொல்ல வேண்டியது. ...இவர் போட்டோ எடுக்க வந்தவர் இல்ல. போட்டோவும் எடுப்பார், அது வேற. இவர் எனக்கு... எனக்கு வேண்டியவர்.

மகள்: மளிகைக் கடைக்காரர் கூட நமக்கு வேண்டியவர்தான்.

அம்மா: கேலி பண்ணாதே. அந்த மாதிரி இல்ல. காலைல எழுந்ததும் யார்கிட்டயாவது எதையாவது சொல்லணும்னு இருக்கும்ல... பால் திரிஞ்சு போச்சுன்னோ, ராத்திரி ஒரு கனா வந்துச்சுன்னோ. எனக்கு அது இவர்கிட்டதான் சொல்லத் தோணுது. உங்க அப்பாவை மறந்துட்டேன்னு மட்டும் நினைச்சுடாதே. மறக்கல, மறக்கவும் வராது. ஆனா எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கல. உங்க கிட்ட பாசம் இல்லாம இல்ல. நீங்க அவங்கவங்க வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திட்டு திரும்பினா வீடு என்னையே பாக்குது. இவரோட இருக்கப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் எல்லாரையும் இங்கே வரச் சொன்னேன். போட்டோ ஒரு சாக்கு.

மகள்: அவ்வளவுதானா?

அம்மா: அவ்வளவுதான். ...ஏசியைக் கழட்டினதும் இவர்தான்.

மகள்: மத்ததெல்லாம் சரி, அதை மட்டும் மன்னிக்க முடியாது. சித்திரை வெயில்ல ஒரு ராத்திரி பூரா வெந்தோம்.

போட்டோக்காரர்: நானே புதுசா ஒண்ணு வாங்கி மாட்டித் தரேம்மா.

மகள்: வாங்கித் தாங்க, மாட்டாதீங்க.

அம்மா: என்னடி, நீ... தம்பிக்கு யார் சொல்றது? அவன் அங்கேயிருந்து கையை ஆட்டறான், என்ன கேக்கறான்?

மகள்: "சொல்லிட்டாங்களா, இல்லையா"ன்னு கேக்கறான்.

அம்மா: அவனுக்கும் தெரியுமா?

மகள்: எல்லாருக்கும் தெரியும். உன் மாப்பிள்ளைக்குக் கூடத் தெரியும், அதான் மாப்பிள்ளைன்னதும் அப்படி நிமிந்து நின்னார். எது உடுத்தினா நல்லாருக்கும்னு நேரா கேப்போம்னு ஸ்டூடியோவுக்கு போன் பண்ணினேன். அங்கே வேலை பாக்கற ஒரு அம்மா எடுத்தாங்க. "அன்னைக்கு சார் எந்த வேலையும் எடுக்க மாட்டார்மா, அவரோட குடும்பத்தோட போட்டோ எடுத்துக்கப் போறார்"னு சொன்னாங்க. அவருக்குத்தான் குடும்பமே இல்லையேன்னு அவங்களே ஆச்சரியப்பட்டாங்க.

அம்மா: அப்படியா சொல்லி வெச்சீங்க? குடும்பம்னா?

போட்டோக்காரர்: ...வாய்ல வந்துடுச்சு.

அம்மா: தெரிஞ்சுக்கிட்டே ஏண்டி இவ்வளவு நேரம் என்னை வேக வெச்சே?

மகள்: நீயா சொல்லணும்னுதான். நாங்களா உன்னைக் கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி ஆயிடக் கூடாது. நீ என்ன, தப்பா பண்ணிட்டே? ...சார், வெளிச்சம் இருக்கா, போயிடுச்சா?

போட்டோக்காரர்: ஒரு படத்துக்கு இருக்கும்மா.

மகள்: அப்போ ஸ்டாண்டுல மாட்டிட்டு வந்து நில்லுங்க. தம்பி, ஏங்க, ஓடி வாங்க. மேனேஜரையும் இழுத்துட்டு வாங்க.

போட்டோக்காரர்: நான் எங்கேம்மா நிக்கறது? அந்த இடத்துல நிக்க மாட்டேன். அது அவருக்கு. நான் ஓரமா, மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கறேன்.

மகள்: ஓரமா நிக்க நீங்க என்ன, வழியில போனவரா? அம்மாவுக்கு இடப் பக்கம் வாங்க.

அம்மா: அது நீ நிக்கிற இடமாச்சேடி. சின்னதுல இருந்து நீ அங்கேதானே நிப்பே.

மகள்: நான் நகந்துக்கறேன். எனக்குன்னு ஒருத்தர் பேன்ட்டெல்லாம் சேறா நிக்கறார், அவர் பக்கத்துல நிக்கறேன்.

போட்டோக்காரர்: டைமர் வெச்சுட்டேன். யாரும் கண்ணை மூட வேணாம், என்னால எண்ண முடியாது. வரேன்... வந்துட்டேன்.

அம்மா: தோள்ல கை போடுங்க, பரவால்ல. ...ஏண்டி, உனக்கு வருத்தமே இல்லையா? நான் சொன்னா நீ அழுவேன்னு பயந்துதான் இத்தனை நாள் சொல்லாம இருந்தேன். நீ ஒரு சொட்டு கூட அழலையே.

மகள்: அதெல்லாம் போன வாரமே அழுது முடிச்சாச்சும்மா. குளியலறைல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். தம்பி கதவைத் தட்டினான், திறந்தேன், அவனும் அழுதான். இன்னைக்கு உன் போட்டோல யார் முகமும் வீங்கி இருக்கக் கூடாதுன்னுதான் முன்னாடியே முடிச்சோம். என்னைப் பாக்காதே, கேமராவைப் பாரு.